நீரில் நிற்கும் காடு

சிலாங்கூர் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள சதுப்புக் காட்டு ஓடை ஒன்றில் கண்ணாடிக் குவளையை முக்கி எடுத்தால், அதில் நிறையும் நீர் 'தே ஓ'வின் நிறத்தில் இருக்கும். முதன்முறை பார்ப்பவர் அதனை அழுக்கு நீர் என்று எண்ணக்கூடும். தேயிலையைச் சுடுநீரில் போட்டால் அதன் சாறு இறங்கி நீர் நிறம் மாறுகிறது அல்லவா? அதைப் போலவே, நெடுங்காலமாக நீரில் ஊறிக் கிடக்கும் இலைகள், கிளைகள், வேர்கள் ஆகியவற்றின் சாறு இறங்கியதால் வந்த நிறம் அது.

இத்தகைய நீரில் வேரூன்றி நிற்கும் காட்டைக் கரிமண் சதுப்புக் காடு என்கிறோம். மலாய்மொழியில் இதனை 'ஹூத்தான் பாயா கம்புட்' என்பர். மலேசியாவில் ஏறக்குறைய 2.5 மில்லியன் ஹெக்டர் கரிமண் நிலம் உள்ளது. அதில் பெரும்பகுதி சரவாக்கில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் சிலாங்கூர், பகாங், ஜொகூர், பேராக் முதலிய மாநிலங்களில் இந்நிலத்தைக் காணலாம்.

இக்காடுகள் எவ்வாறு உருவாயின? எவ்வாறு சிதைந்தன? அவற்றை மீட்டெடுக்க முடியுமா? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை தேடிச் செல்லும்போது, ஒவ்வொரு முறையும் நாம் வந்து சேரும் இடம் ஒன்றுதான். அது நீர்.

ஊறுகாய் ஜாடியும் கரிமண்ணும்

வீட்டில் போட்ட மாங்காய் ஊறுகாயைக் கவனித்திருப்பீர்கள். எண்ணெயில் மூழ்கியிருக்கும் துண்டுகள் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். எண்ணெய்க்கு மேலே தலைகாட்டும் துண்டில்தான் முதலில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப் படும் இடத்தில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும் என்பதே இதற்குக் காரணம்.

கரிமண் உருவாகும் முறையும் இதனை ஒத்ததே. சாதாரணக் காட்டில் ஓர் இலை தரையில் விழுந்தால், பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பூச்சிகளும் சேர்ந்து சில மாதங்களில் அதனை மட்கச் செய்துவிடும். சதுப்புக் காட்டிலோ இலை நீருக்குள் விழுகிறது. தேங்கி நிற்கும் அந்நீரில் உயிர்வளி மிகக் குறைவு, அமிலத்தன்மை அதிகம். மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே எளிதில் வேலை செய்ய இயலாது. எனவே, இலை பாதி மட்கிய நிலையிலேயே தங்கிவிடுகிறது. அதன்மேல் அடுத்த ஆண்டின் இலைகள் விழுகின்றன. அவற்றின்மேல் கிளைகள் முறிந்து விழுகின்றன. இப்படி அடுக்கடுக்காகச் சேரும் தாவரப் பொருளே கரிமண்.

இது சேரும் வேகம் மிகக் குறைவு. ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று கணக்கிட்டால், ஒரு மீட்டர் கரிமண் சேர ஆயிரம் ஆண்டுகள் ஆகும். இராசேந்திர சோழனின் கப்பல்கள் கடாரத்தின்மீது படையெடுத்து வந்தது 1025ஆம் ஆண்டில். அந்த ஆண்டு உதிர்ந்த இலைகள் இன்று ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இம்மண்ணின் வயது நமக்கு ஓரளவு விளங்கும். சில இடங்களில் கரிமண் 10 மீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது. நம் கடலோரத்துக் கரிமண் நிலங்களில் பெரும்பாலானவை, கடல்மட்டம் இன்றைய நிலைக்கு வந்து அமைந்த பிறகு, கடந்த நான்கைந்து ஆயிரம் ஆண்டுகளில் உருவானவை.

கரிமண் நிலத்தின் வடிவமும் வியப்பானது. அதன் நடுப்பகுதி ஓரங்களைவிட உயர்ந்து, கவிழ்த்து வைத்த தாம்பாளம்போல் இருக்கும். இரண்டு ஆறுகளுக்கு இடையே மெல்ல உயர்ந்து தாழும் இந்த மேட்டுக்கு ஆற்றுநீர் ஏறி வராது. மழைநீர் ஒன்றே அதற்கு ஆதாரம். அந்த மழைநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்வதும் கரிமண்தான். ஈரமான கரிமண்ணின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீரே.

காடு தரும் காவல்

வட சிலாங்கூர் கரிமண் சதுப்புக் காடு 70,000 ஹெக்டருக்கும் அதிகமான பரப்புடையது. ராஜா மூசா, சுங்கை காராங் ஆகிய வனக் காப்பகங்கள் இதன் முக்கியப் பகுதிகளாகும். இக்காட்டுக்கு மேற்கே, கடலை நோக்கிச் சென்றால், தஞ்சோங் காராங், செகிஞ்சான் வட்டாரங்களின் பச்சைப் பசேலென்ற நெல்வயல்கள் தொடங்குகின்றன. ஏறக்குறைய 20,000 ஹெக்டர் பரப்பில் ஆண்டுக்கு இருமுறை இங்கு நெல் விளைகிறது. நாட்டின் முக்கிய நெற்களஞ்சியங்களுள் இதுவும் ஒன்று.

இவ்வயல்களுக்கான நீர் பெர்ணாம் ஆற்றிலிருந்து திருப்பி விடப்படுகிறது. வயல்களுக்குப் பின்னால் நிற்கும் சதுப்புக் காடும் நீரைச் சேமித்து வைத்து இந்த ஏற்பாட்டுக்குத் துணை செய்கிறது. மழைக்காலத்தில் பெருகும் நீரைக் காடு தன்னுள் ஏற்றுக்கொள்வதால் வெள்ளத்தின் வேகம் குறைகிறது. வறண்ட காலத்தில் அதே நீரைச் சிறிது சிறிதாக வெளியே விடுவதால் ஓடைகள் வற்றாமல் இருக்கின்றன. காட்டுக்குள் காலெடுத்து வைத்திராத விவசாயியின் வயலுக்கும் அந்தக் காடு காவல் நிற்கிறது.

இரண்டாவது காவல், நம் எல்லாருக்கும் உரியது. தாவரங்கள் காற்றிலிருந்து கரியமில வாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கரிமத்தைத் தம் உடலாக மாற்றிக்கொள்கின்றன. தாவரம் மட்கும்போது அந்தக் கரிமம் மீண்டும் காற்றில் கலக்கிறது. கரிமண்ணில் மட்குதல் தடைபடுவதால், கரிமம் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டர் வெப்பமண்டலக் கரிமண்ணில் ஏறக்குறைய 600 டன் கரிமம் அடங்கியிருக்கிறது. உலக நிலப்பரப்பில் கரிமண் நிலங்களின் பங்கு சுமார் 3 விழுக்காடுதான். ஆயினும், உலகக் காடுகளிலுள்ள மரம் செடி கொடிகள் அனைத்தும் சேர்ந்து வைத்திருக்கும் கரிமத்தைவிட அதிகமான கரிமம் இந்நிலங்களில் உள்ளது.

மூன்றாவதாக, வேறெங்கும் வாழ இயலாத உயிர்களுக்கு இக்காடு புகலிடமாகும். அமிலத்தன்மை மிகுந்த நீரில் மீன் வாழாது என்று ஒரு காலத்தில் பலர் நினைத்தனர். வட சிலாங்கூர்ச் சதுப்பில் மட்டுமே வாழும் 'பெத்தா லிவிடா' என்னும் சண்டைமீன் இனத்தை அறிவியலார் 1992ஆம் ஆண்டு விவரித்தனர். சுமத்ராவின் கரிமண் நீரில் கிடைத்த 'பேடோசிப்ரிஸ் புரோஜெனட்டிகா' என்னும் மீன் 2006ஆம் ஆண்டு உலகுக்கு அறிமுகமானது. முதிர்ச்சி அடைந்த பெண் மீன்களுள் மிகச் சிறியதன் நீளம் 7.9 மில்லிமீட்டர்! உலகின் மிகச் சிறிய மீன்களுள் ஒன்றான இது, 'தே ஓ' நிற நீருக்குள் நெடுங்காலம் யார் கண்ணுக்கும் படாமல் வாழ்ந்து வந்திருக்கிறது. ஆராய்வதற்கு முன்பே இக்காடுகள் அழிந்துபோனால், அங்கு என்ன இருந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

கால்வாய் வெட்டப்பட்டபோது

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கரிமண் காடுகளில் வெட்டுமரத் தொழில் பெருகியது. ராமின், கெம்பாஸ், மெராந்தி முதலிய மரங்களுக்குச் சந்தையில் நல்ல விலை கிடைத்தது. ஆனால், சேறும் நீருமான இந்நிலத்தில் கனரக வாகனங்கள் செல்ல இயலா. எனவே, பல இடங்களில் காட்டுக்குள் கால்வாய்கள் வெட்டப்பட்டன. வெட்டிய மரங்கள் அவற்றின் வழியே வெளியே கொண்டு வரப்பட்டன. பின்னர், விவசாயத்திற்காகவும் செம்பனைத் தோட்டங்களுக்காகவும் இன்னும் பல வடிகால்கள் தோண்டப்பட்டன. செம்பனை, அன்னாசி போன்ற பயிர்கள் செழிக்க வேண்டுமானால் அவற்றின் வேர்ப்பகுதியில் நீர் தேங்கக் கூடாது. நீரை வடித்தால்தான் நிலம் பயன்படும் என்று அன்று கருதப்பட்டது.

மரம் வெட்டும் பணி ஒரு நாள் முடிவடைந்தது. ஆட்கள் சென்றுவிட்டனர். கால்வாய்களின் பணி மட்டும் முடியவில்லை. அவை இரவு பகல் பாராமல் கரிமண்ணிலிருந்து நீரை வெளியேற்றிக்கொண்டே இருந்தன. ஊறுகாய் ஜாடியிலிருந்து எண்ணெய் ஒழுகிப் போனால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் நிகழ்ந்தது.

நீர் வடிந்ததும் கரிமண் முதலில் அமுங்குகிறது. பிறகு காய்ந்து சுருங்குகிறது. காற்றுப் பட்டதும் நுண்ணுயிர்கள் விழித்துக்கொள்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் இருந்த தாவரப் பொருள் இப்போது மட்கத் தொடங்கிக் கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கிறது. மண்ணே காற்றாகக் கரைந்து போவதால் தரைமட்டம் தாழ்கிறது. நீரை வடித்த முதல் சில ஆண்டுகளிலேயே தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிடுவதுண்டு. அதன் பின்னரும் ஆண்டுதோறும் 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை தாழ்ந்துகொண்டே போகும். பழைய கரிமண் தோட்டங்களில் செம்பனை மரங்கள் வேர் வெளியே தெரியச் சாய்ந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் சேர்ந்த ஒரு மீட்டர் மண், ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வீதம் கரைந்தால் 20 ஆண்டுகளில் இல்லாமல் போகும். ஆயிரம் ஆண்டுச் சேமிப்பை ஒரு தலைமுறைக்குள் செலவழிக்கிறோம். தரை தொடர்ந்து தாழ்ந்தால், ஒரு நாள் அது அருகிலுள்ள ஆற்றின் மட்டத்துக்கும் கீழே போய்விடும். அப்போது நீர் தானாக வடியாது. எந்தப் பயிருக்காக நீரை வடித்தோமோ, அந்தப் பயிரையே வெள்ளம் மூழ்கடிக்கும்.

நிலத்தடியில் எரியும் நெருப்பு

நீர் நிறைந்த கரிமண் காடு எளிதில் தீப்பற்றாது. காய்ந்த கரிமண்ணோ விறகுக்கு ஒப்பானது. நிலத்தைத் துப்புரவு செய்ய ஒருவர் மூட்டும் தீயோ, அணைக்காமல் எறிந்த சிகரெட் துண்டோ அதனைப் பற்ற வைக்கப் போதும். பற்றிய தீ கொழுந்துவிட்டு எரிவதில்லை. உமிக்குவியலில் இட்ட நெருப்பைப் போல மண்ணுக்குள் புகைந்து புகைந்து பரவுகிறது. மேலே அணைந்துவிட்டதாகத் தோன்றும் தீ, கீழே பல நாள், சில வேளைகளில் பல வாரம் கனன்றுகொண்டிருக்கும். தீயணைப்பு வீரர்கள் மேலே நீரைப் பீய்ச்சினால் மட்டும் போதாது. நிலத்தையே நீரில் ஊற வைத்தாக வேண்டும்.

இத்தகைய தீயின் பெரும் பாடம் இந்தோனேசியாவின் மத்திய கலிமந்தானில் கிடைத்தது. 1996ஆம் ஆண்டு, ஒரு மில்லியன் ஹெக்டர் சதுப்பு நிலத்தை நெல்வயலாக மாற்றும் மாபெரும் திட்டம் அங்குத் தொடங்கப்பட்டது. நாட்டின் அரிசித் தேவையை நிறைவு செய்வதே அதன் நோக்கம். காடு அழிக்கப்பட்டது. 4,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்திற்குக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. ஆனால், ஊட்டச்சத்துக் குறைந்த, அமிலத்தன்மை மிகுந்த அம்மண்ணில் எதிர்பார்த்தபடி நெல் விளையவில்லை. திட்டம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. கால்வாய்கள் மட்டும் அப்படியே இருந்தன.

1997ஆம் ஆண்டு எல் நினோ வறட்சி வந்தது. நீர் வடிக்கப்பட்டிருந்த கரிமண் பல இடங்களில் எரிந்தது. அந்த ஆண்டு இந்தோனேசியாவின் கரிமண்ணும் காடும் எரிந்ததால் வெளியேறிய கரிமம், உலகம் முழுவதும் நிலக்கரி, பெட்ரோலியம் போன்ற எரிபொருள்களால் ஓராண்டில் வெளியேறும் கரிமத்தில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமம் என 2002ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

புகைக்கு எல்லைக்கோடு தெரியாது. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஜொகூரின் மூவார், லேடாங் பகுதிகள் அதே நிலையை அடைந்தன. 2015ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் ஏறக்குறைய 2.6 மில்லியன் ஹெக்டர் நிலம் தீக்கிரையானது. மலேசியாவின் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. சிங்கப்பூரில் செப்டம்பர் 25ஆம் நாள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டின் தீயினால் இந்தோனேசியாவுக்கு மட்டும் ஏறக்குறைய 16 பில்லியன் அமெரிக்க டாலர் இழப்பு ஏற்பட்டதாக உலக வங்கி கணக்கிட்டது. மூச்சுத் திணறிய குழந்தைகளும் முதியோரும் பட்ட பாட்டை எந்தக் கணக்கில் எழுதுவது?

புகைமூட்டத்தைத் தடுக்க ஆசியான் நாடுகள் 2002ஆம் ஆண்டு கோலாலம்பூரில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்தோனேசியா 2014ஆம் ஆண்டு அதனை ஏற்று உறுதி செய்தது. சட்டமும் உடன்படிக்கையும் தேவைதான். ஆயினும், காய்ந்த கரிமண் காய்ந்தே கிடக்கும்வரை, அடுத்த வறட்சியில் அடுத்த தீ காத்திருக்கும்.

முதலில் நீர், பிறகு மரம்

சிதைந்த காட்டை மீட்பது என்றதும் நம் நினைவுக்கு வருவது மரம் நடுதல். கரிமண் நிலத்தில் அதனை முதல் வேலையாகச் செய்தால் பயன் குறைவு. நீர் வடிந்த மண்ணில் நட்ட கன்று வறட்சியில் வாடும். தப்பிப் பிழைத்தாலும் தீயில் கருகும். எந்த வழியாகச் சிதைவு வந்ததோ, அந்த வழியை அடைப்பதுதான் முதல் வேலை. அதாவது, கால்வாயை அடைக்க வேண்டும்.

ராஜா மூசா வனக் காப்பகத்தில் இப்பணி நடந்து வருகிறது. இங்கு ஏறக்குறைய 1,000 ஹெக்டர் பரப்பு, அத்துமீறிக் காட்டை அழித்துப் பயிரிட்டதாலும் அடிக்கடி மூண்ட தீயாலும் கடுமையாகச் சிதைந்திருந்தது. லாலான் புல்லும் பெரணியும் மண்டிய அவ்விடத்தை மீட்கும் முயற்சியைச் சிலாங்கூர் மாநில வனத்துறையும், உலகளாவிய சுற்றுச்சூழல் மையம் என்னும் அரசு சாரா அமைப்பும் 2008ஆம் ஆண்டு தொடங்கின.

கால்வாயை அடைப்பது எளிய வேலைபோல் தோன்றலாம். ஒரே இடத்தில் பெரிய அணையைக் கட்டினால் என்ன? கட்டினால் அது நிலைக்காது. கரிமண் மென்மையானது, துளைகள் நிறைந்தது. தேங்கிய நீர் அணையின் பக்கங்களைக் குடைந்துகொண்டு வேறு வழியில் ஓடிவிடும். எனவே, ஒரு கால்வாயில் அடுத்தடுத்துப் பல சிறிய தடுப்புகளைப் படிக்கட்டுபோல் அமைக்கின்றனர். களிமண், மரக்கட்டை, மணல் மூட்டை போன்றவை இதற்குப் பயன்படுகின்றன. ஒவ்வொரு தடுப்பும் நீர்மட்டத்தைச் சிறிதளவே உயர்த்துவதால், எந்த ஒரு தடுப்பின்மீதும் அழுத்தம் மிகுவதில்லை. பெருமழை பெய்யும்போது மிகுதி நீர் வழிந்து செல்லவும் இடம் விடுகின்றனர்.

நீர்மட்டம் எவ்வளவு உயர வேண்டும்? கரிமண் நிலங்களில் நிலத்தடி நீர் தரைமட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்று இந்தோனேசியா 2014ஆம் ஆண்டு விதி வகுத்தது. தீயின் அபாயத்தைக் குறைப்பதற்கான எல்லை அது. காடாகவே திரும்ப வேண்டிய இடத்திலோ நீர் தரையை ஒட்டி நிற்பது நல்லது.

நீர் திரும்பியதும் காடு தானே தன் வேலையைத் தொடங்குகிறது. அருகில் தாய்மரங்கள் இருந்தால், காற்றும் பறவைகளும் கொண்டுவரும் விதைகள் முளைக்கின்றன. விதை வந்து சேராத இடங்களில் மட்டும் கன்றுகளை நட வேண்டியிருக்கிறது. அதற்கும் ஒரு வரிசை உண்டு. ராமின் போன்ற மரங்களின் இளங்கன்றுகள் நிழலை விரும்புபவை. அவற்றை வெட்டவெளியில் நட்டால் கடும் வெயிலைத் தாங்குவது அரிது. எனவே, வெயிலைத் தாங்கி விரைவாக வளரும் மாஹாங், தெங்கெக் புருங் போன்ற முன்னோடி மரங்களை முதலில் நடுகின்றனர். அவை வளர்ந்து நிழல் விரிக்கும். நிழலில் லாலான் ஒடுங்கும். தரை ஈரம் காக்கும். அதன் பின்னர் மற்ற மரங்களுக்கு இடம் கிடைக்கும்.

இவ்வேலையை அதிகாரிகள் மட்டும் செய்து முடிக்க இயலாது. காட்டின் ஓரத்தில் வாழும் கிராம மக்கள் 2012ஆம் ஆண்டு 'சஹாபாட் ஹூத்தான் கம்புட் சிலாங்கூர் உத்தாரா' என்னும் குழுவாக ஒன்றிணைந்தனர். வட சிலாங்கூர் கரிமண் காட்டின் நண்பர்கள் என்பது இப்பெயரின் பொருள். கன்றுகளை வளர்ப்பது, தடுப்புகளைப் பார்வையிடுவது, வறண்ட காலத்தில் தீ தோன்றுகிறதா எனக் கண்காணிப்பது முதலிய பணிகளில் அவர்கள் பங்கேற்கின்றனர். பள்ளி மாணவர்களும் அங்குச் சென்று கன்றுகள் நட்டுள்ளனர். தீ அபாயம் எந்த அளவில் உள்ளது என்பதை நிறங்களால் காட்டும் அறிவிப்புப் பலகைகளும் வைக்கப்பட்டுள்ளன.

எல்லாம் திரும்புமா?

மாணவர்களே, இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மீட்கப்பட்ட காடு பழைய காட்டுக்கு ஈடாகாது. முன்னோடி மரங்கள் சில ஆண்டுகளில் தலைக்கு மேல் வளர்ந்துவிடும். பெரிய மரங்கள் நிறைந்த காடு உருவாகப் பல பத்தாண்டுகள் வேண்டும். கரைந்துபோன கரிமண்ணோ நம் காலத்தில் திரும்பாது. இன்று நாம் கால்வாயை அடைப்பதால் இழந்ததைப் பெறுவதில்லை. எஞ்சியிருப்பதை இழக்காமல் காக்கிறோம். மீட்பு முயற்சி உண்டு என்பதற்காக, நல்ல நிலையில் உள்ள காட்டை அழித்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது தவறாகும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கரிமண் நிலத்தில் ஏற்கெனவே பயிரிட்டு வாழும் மக்கள் என்ன செய்வர்? சில ஏக்கர் செம்பனையை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் சிறுதோட்டக்காரரிடம், "நாளையே நிலத்தில் நீரை நிரப்புங்கள்" என்று சொல்ல முடியுமா? அவருக்கும் வழி வேண்டும். பயிருக்குத் தேவையான அளவுக்கு மேல் நீரை வடிக்காமல், மதகுகளால் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு வழி. அதனால் மண் கரையும் வேகம் குறையும். தீ அபாயமும் குறையும். ஆனால், கரைவது முற்றிலும் நிற்காது.

ஈர நிலத்திலேயே வளரும் பயிர்களைத் தேர்ந்தெடுப்பது மற்றொரு வழி. சரவாக்கின் முக்கா வட்டாரத்தில் மெலனாவ் மக்கள் நெடுங்காலமாக சாகோ பனையை வளர்த்து வருகின்றனர். அதன் தண்டிலிருந்து மாவு எடுக்கப்படுகிறது. நம் வீட்டுப் பாயசத்தில் இடும் சவ்வரிசி இன்று பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்யப்படுகிறது. ஆனால், சவ்வரிசி முதலில் இந்த சாகோ மாவிலிருந்துதான் செய்யப்பட்டது. நீரை வடிக்காமலும் கரிமண்ணில் பிழைக்க முடியும் என்பதற்கு சாகோ ஒரு சான்று. இத்தகைய பயிர்களுக்கு நிலையான சந்தையும் நியாயமான விலையும் கிடைத்தால்தான் விவசாயி அவற்றை நம்பி இறங்குவார். எனவே, காட்டை மீட்பது வனத்துறையின் வேலை மட்டுமன்று. பொருளாதாரத்தோடும் பின்னிப் பிணைந்தது.

நம் பங்கு

கரிமண் காடு நம் வீட்டிலிருந்து தொலைவில் இருக்கலாம். ஆயினும், நாம் உண்ணும் சோறும் சுவாசிக்கும் காற்றும் அதனோடு தொடர்புடையவை. புகைமூட்டம் வந்த பிறகு முகக்கவசம் தேடுவதைவிட, புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டறிவது மேல். காய்ந்த நிலத்தருகே குப்பையை எரிக்காமல் இருப்பதும், எரிவதைக் கண்டால் தீயணைப்பு மீட்புத் துறையினருக்குத் தெரிவிப்பதும் நம்மால் இயன்ற செயல்கள். மரம் நடும் நிகழ்ச்சியில் பங்கேற்கும்போது, "இவ்விடத்தில் நீர் நிற்க ஏற்பாடு செய்துவிட்டீர்களா?" என்று கேட்கும் அளவுக்கு நமக்குத் தெளிவு இருக்க வேண்டும்.

ராஜா மூசாவில் ஒரு கால்வாயை அடைக்கச் சில நாள் போதும். அந்தத் தடுப்புக்குப் பின்னால் 'தே ஓ' நிற நீர் மெல்ல உயர்ந்து கரிமண்ணை நனைக்கும். அதன்மேல் ஓர் இலை விழும். அது மட்காமல் தங்கும். ஓராண்டு கழிந்தால் ஒரு மில்லிமீட்டர் மண் சேரலாம். அந்த மில்லிமீட்டரைக் காப்பதற்கு, அந்த நீர் அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

சிந்தித்து விடை காண்போம்

1. சதுப்புக் காட்டு நீர் 'தே ஓ' நிறத்தில் இருப்பதற்கான காரணம் யாது?

2. ஊறுகாய் ஜாடி உவமையின்வழி, கரிமண் உருவாவதையும் சிதைவதையும் உம் சொந்த நடையில் விளக்குக.

3. வட சிலாங்கூர்ச் சதுப்புக் காட்டுக்கும் தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்களுக்கும் உள்ள தொடர்பை எழுதுக.

4. ஒரு கால்வாயில் ஒரே பெரிய அணைக்குப் பதிலாகப் பல சிறிய தடுப்புகளை அமைப்பது ஏன்?

5. ஓரிடத்தில் 3 மீட்டர் ஆழத்திற்குக் கரிமண் உள்ளது. அது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் சேர்ந்ததெனில் எத்தனை ஆண்டுகளில் உருவாகியிருக்கும்? ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வீதம் கரைந்தால் எத்தனை ஆண்டுகளில் மறையும்? இரு விடைகளையும் ஒப்பிட்டு நீ அறிவதென்ன?

6. "கரிமண் நிலத்தில் பயிரிடும் சிறுதோட்டக்காரர்கள் உடனே வெளியேற வேண்டும்" என ஒருவர் கூறுகிறார். இக்கருத்தை நீ ஏற்கிறாயா? குழுவில் கலந்துரையாடி, காரணங்களுடன் எழுதுக.